எல்லை தாண்டியும் துரத்தப்படுபவர்களுக்குத் துணை நிற்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

2018 அக்டோபர் 2 அன்று சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி, இஸ்தான்புல்லில் உள்ள தன் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குள் போனார். திருமணத்துக்குத் தேவையான ஒரு சான்றிதழ் வாங்கத்தான் போனார். உயிரோடு வெளியே வரவில்லை. இது உலகத்துக்கே தெரிந்த கதை. அதற்கு முந்தைய நாள் வெளியான இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. கனடாவில் புகலிடம் பெற்றிருந்த ஒமர் அப்துல்அஜீஸ் என்ற சவூதி இளைஞரின் போனில் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுத்தப்பட்டிருந்ததை டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் கண்டுபிடித்திருந்தது. ஒமர், கஷோக்ஜியோடு சேர்ந்து சில வேலைகளை ரகசியமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தவர். நடந்த கொலையில் தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதற்குப் பெரிய பங்கு உண்டு என்று அவரே பின்னால் சொன்னார்.

நாடு விட்டு வந்த ஒருவருக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். துரத்துகிற அரசு நேராக அவரிடம் வர வேண்டிய அவசியமில்லை. நண்பர், மொழிபெயர்ப்பாளர், வீட்டுக்காரர், ஊரில் இருக்கும் அம்மா, மனுவில் கையெழுத்து வாங்க வந்த தன்னார்வலர் என்று யார் வழியாகவும் வரலாம். இந்த வழிகாட்டி அந்தச் சுற்றத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

முதலில் எதிராளியைப் புரிந்துகொள்ளுங்கள்

இப்படி அரசுகள் தம் நாட்டவரை வெளிநாட்டிலும் துரத்துவதை 'எல்லை தாண்டிய ஒடுக்குமுறை' என்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆய்வு அமைப்பு 2014 முதல் 2024 வரை இப்படிப்பட்ட 1,219 சம்பவங்களைப் பதிவு செய்திருக்கிறது. 48 அரசுகள், 103 நாடுகளில் செய்தவை. கொலை, தாக்குதல், கடத்தல், கைது, நாடுகடத்தல் என்று உடல்ரீதியாக நேரடியாக நடந்தவை மட்டுமே இந்தக் கணக்கில் வரும். போன் ஒட்டுக்கேட்பு, இணைய வசை, குடும்பத்தை மிரட்டுவது எல்லாம் இதற்கு வெளியே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிவானவற்றில் பெரும்பகுதி கூலிப்படையின் வேலை இல்லை. தஞ்சம் தேடிப் போன நாட்டின் அதிகாரிகளே பிடித்து வைத்ததும் திருப்பி அனுப்பியதும்தான்.

அதனால் உதவியைத் தொடங்குமுன் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். துரத்துவது எந்த அரசு? அதன் வழக்கமான கைவரிசை என்ன? இப்போது அவர் இருக்கும் நாட்டோடு அந்த அரசுக்கு உறவு எப்படி? ஈரான் விஷயத்தில் கூலிக்கு ஆள் வைத்துத் தாக்கும் ஆபத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சீனா பெரும்பாலும் குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கும். பெலாரஸ் பாஸ்போர்ட்டில் கைவைக்கும். எல்லாருக்கும் ஒரே பாதுகாப்புத் திட்டத்தை எழுதித் தருகிற ஆலோசகரைச் சந்தித்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

உங்களிடமிருந்து ஆரம்பியுங்கள்

உங்கள் போன், உங்கள் மின்னஞ்சல், உங்கள் வாய். மூன்றும் இந்த வரிசையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றையும் சரி செய்ய வேண்டும்.

போனையும் கணினியையும் புதுப்பித்து வையுங்கள். எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். அவருடைய முழுப்பெயர், முகவரி, வழக்கு விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "யாராவது உதவ முடியுமா?" என்று கேட்காதீர்கள். நல்ல மனதோடு செய்யப்படும் மிக ஆபத்தான காரியம் இதுதான். நூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் யாருக்குத் தகவல் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. சேர்ந்து எடுத்த படத்தை அவர் சரி என்று சொல்லும் வரை எங்கும் போடாதீர்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் ஒன்று போதும், தெருவைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புலம்பெயர்ந்த சமூகங்களுக்குள் உளவாளிகள் இருப்பது உண்மை. அதற்காக எல்லாரையும் சந்தேகிக்க ஆரம்பித்தால், ஒருவரை ஒருவர் நம்பாமல் சிதறிப் போவீர்கள். துரத்துகிற அரசு விரும்புவதும் அதையே. இதற்கு நடைமுறையில் நல்ல வழி, வேலையைப் பிரித்துக்கொள்வது. வீடு பார்த்துத் தருபவருக்கு வழக்கு விவரம் வேண்டாம். வழக்கறிஞருக்கு உதவுபவருக்கு அவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயர் வேண்டாம். அவரவர் வேலைக்குத் தேவையானது மட்டும் அவரவருக்குத் தெரிந்தால், யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

அப்புறம், அவரிடமே கேளுங்கள். என்ன வேண்டும், என்ன வேண்டாம், யாரிடம் பேசலாம் என்று. அவர் வருவதற்கு முன்பே நீங்கள் போட்டு வைத்த திட்டத்தில் அவருக்கு வேலை இல்லாமல் இருக்கலாம். தன் நாட்டில் பத்து நிருபர்களை வைத்து வேலை வாங்கியவரைக் குழந்தை போல நடத்துவதும் ஒரு வகை அவமானம்தான்.

காகிதங்கள்: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

சட்டபூர்வமாகத் தங்கும் உரிமை இல்லாதவருக்கு வேறு எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் 1967-இன் கூடுதல் நெறிமுறையும்தான் அடிப்படை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் 33-ஆவது பிரிவு.

ஆனால் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகள் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அங்கே ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுக்கும் அட்டை மதிப்புள்ளதுதான், ஆனாலும் உள்ளூர் போலீஸையோ கடத்த வருபவரையோ அது தடுத்துவிடாது. வியட்நாம் பத்திரிகையாளர் ட்ருவாங் ஸ்வி நியாட் 2019 ஜனவரியில் பாங்காக்கில் உள்ள அந்த ஆணைய அலுவலகத்தில் மனு கொடுத்தார். அடுத்த நாளே காணாமல் போனார். பிறகு ஹனோய் சிறையில் இருப்பது தெரிந்தது. 2020-இல் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் இருந்தால், அதை வழியில் நின்ற இடமாகவே கருதி, மூன்றாவது நாட்டுக்குப் போகும் முயற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கென்றே தனி அகதி வழியைக் கனடா 2021-இல் திறந்தது. பத்திரிகையாளர்களும் அதில் வருவார்கள். இடங்கள் குறைவு, அதனால் பரிந்துரை செய்யக்கூடிய அமைப்பை முன்கூட்டியே அணுகுங்கள்.

புகலிட மனு கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் அல்ல. முதல் நேர்காணலில் சொன்னது கடைசி வரை கூடவே வரும். தேதிவாரியாக ஒரு காலவரிசை எழுதிக்கொள்ள உதவுங்கள். பத்திரிகையாளர்களிடம் ஒரு வினோதமான சிக்கல் உண்டு. பிறர் கதையைச் சொல்லிப் பழகியவர்கள். நாட்டில் நடக்கும் அநியாயத்தை மணிக்கணக்கில் விளக்குவார்கள். தனக்கு என்ன நடந்தது, திரும்பிப் போனால் தனக்கு என்ன நடக்கும் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அதிகாரிக்கு வேண்டியது அந்த இரண்டு வரிதான். தான் எழுதிய கட்டுரைகள், வந்த சம்மன்கள், மிரட்டல் செய்திகள், பத்திரிகை அடையாள அட்டை எல்லாம் அதற்குச் சான்று. அதே சமயம் தனக்குத் தகவல் தந்தவர்களின் பெயர்களை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்துவிட்டு உள்ளே போகட்டும்.

மொழிபெயர்ப்பாளர் மீது அவருக்குச் சந்தேகம் இருந்தால் மாற்றித் தரும்படி கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூதரகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கஷோக்ஜிக்கு நடந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். சாதாரணமாகப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனாலே சட்டச் சிக்கல் வரலாம். அகதி ஒருவர் தானாக முன்வந்து சொந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினால் அகதி நிலை முடிந்துவிடும் என்று உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்கிறது. புதுப் பாஸ்போர்ட் வாங்கியதை அதற்கு ஆதாரமாகக் காட்ட முடியும். ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் தூதரகப் படி ஏற வேண்டாம்.

பல அரசுகள் இதையே ஆயுதமாக்கிவிட்டன. 2023 செப்டம்பரில் பெலாரஸ், வெளிநாட்டுத் தூதரகங்களில் பாஸ்போர்ட் கொடுப்பதை ஓர் ஆணையால் நிறுத்தியது. புதுப்பிக்க வேண்டுமானால் ஊருக்கு வா என்று அர்த்தம். நிகராகுவா அதே ஆண்டு பிப்ரவரியில் 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பி, அவர்களுடைய குடியுரிமையையும் பறித்தது. சில நாட்களில் இன்னும் 94 பேரின் குடியுரிமை போனது. அவர்களுக்கு ஸ்பெயின் குடியுரிமை தர முன்வந்தது. இப்படி ஆவணம் இழந்தவர்களுக்கு உள்ள வழிகள்: அகதி என்றால் 1951 உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவின்படி பயண ஆவணம், நாடற்றவர் என்றால் 1954-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அதே போன்ற ஒன்று. இரண்டுமே இல்லாதவர்களுக்கு, வெளிநாட்டவருக்கான தற்காலிகப் பயண ஆவணத்தைச் சில நாடுகள் தருகின்றன. பாஸ்போர்ட் காலாவதியாக ஒரு வருடம் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், திருமணப் பதிவு, பிள்ளைகளின் காகிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பூட்டப்பட்ட கோப்பாக இரண்டு இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். மூலப்பிரதி ஊரில் இருந்தால், அதை எடுக்கப் போகிறவருக்கு ஆபத்து வராதா என்று முதலில் யோசியுங்கள்.

பயணமும் இன்டர்போலும்

2021 மே 23 அன்று ஏதென்ஸிலிருந்து வில்னியஸ் போய்க்கொண்டிருந்த ரயான்ஏர் விமானம், வெடிகுண்டு மிரட்டல் என்ற பொய்யைச் சொல்லி பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் இறக்கப்பட்டது. உள்ளே இருந்த பெலாரஸ் பத்திரிகையாளர் ராமன் பிரதாசேவிச்சும் அவருடைய தோழியும் கைதானார்கள். புறப்பட்ட ஊரும் போகும் ஊரும் பாதுகாப்பாக இருந்தால் போதாது. எந்த வான்வெளி வழியாகப் போகிறது, எங்கே விமானம் மாறுகிறது, கோளாறு என்றால் எங்கே இறங்கும் என்று பார்க்க வேண்டும். மலிவான டிக்கெட் பெரும்பாலும் தவறான ஊரில் நிற்கும்.

ரெட் நோட்டீஸ் என்றாலே பன்னாட்டுக் கைது வாரண்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒருவரைக் கண்டுபிடித்துப் பிடித்து வைக்கும்படி ஒரு நாடு மற்ற நாடுகளிடம், பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் வழியாக வைக்கும் வேண்டுகோள்தான். அதை எப்படி மதிப்பது என்பது அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. அரசியல், ராணுவம், மதம், இனம் சார்ந்த விஷயங்களில் இன்டர்போல் தலையிடக் கூடாது என்று அதன் சட்டவிதி மூன்றாம் பிரிவே தடுக்கிறது. அதனால்தான் அரசுகள் மோசடி, பணமோசடி, பயங்கரவாதம் என்று வேறு பெயர் வைத்து அனுப்புகின்றன. இன்டர்போல் இணையதளத்தில் பெயர் இல்லை என்பதை வைத்து நிம்மதியடையவும் முடியாது. பெரும்பாலான நோட்டீஸ்கள் பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. 'டிஃப்யூஷன்' என்ற சற்று இலகுவான வகையை ஒரு நாடு தனக்கு வேண்டிய நாடுகளுக்கு மட்டும் அனுப்பலாம். தொலைந்த, திருடுபோன பாஸ்போர்ட்டுகளின் தரவுத்தளத்தில் ஒருவருடைய பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்துவிடுவது இன்னொரு உபாயம். விமான நிலையத்தில் நிற்கும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

இதற்கு எதிராகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லியோனில் இயங்கும் இன்டர்போல் கோப்புகள் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு எழுதி, தன்னைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று கேட்கலாம். கட்டணம் கிடையாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களில் பதில் தர வேண்டும் என்பது விதி. நீக்கக் கோரினால் ஒன்பது மாதங்கள். மனுவை வழக்கறிஞர் வழியாக அனுப்புவதே நல்லது. சீனாவின் உய்குர் சிறுபான்மையினரின் தலைவர்களில் ஒருவரான தோல்குன் ஈசா மீது இருந்த நோட்டீஸ் பல ஆண்டுகளுக்குப் பிறகு 2018-இல் நீக்கப்பட்டது. ஆனால் நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. இத்ரிஸ் ஹசன் என்ற இன்னொரு உய்குர் செயற்பாட்டாளர் 2021 ஜூலையில் மொராக்கோவின் காசாபிளாங்கா விமான நிலையத்தில் பிடிபட்டார். அடுத்த மாதமே இன்டர்போல் நோட்டீஸை ரத்து செய்தது. மொராக்கோ அவரை விட்டது 2025-இல்தான். நோட்டீஸ் ரத்தானாலும் நாடுகடத்தல் வழக்கு தன்பாட்டில் ஓடும்.

நான் எல்லாரிடமும் சொல்வது பஹ்ரைன் கால்பந்து வீரர் ஹக்கீம் அல்-அராய்பியின் கதையை. ஆஸ்திரேலியாவில் முறையாக அகதி நிலை பெற்றவர். 2018 நவம்பரில் தேனிலவுக்காகப் பாங்காக் போய் இறங்கியதும் கைதானார். தப்பி வந்த நாடு கேட்டால், அகதி மீது ரெட் நோட்டீஸ் கூடாது என்பது இன்டர்போலின் கொள்கை. அது மீறப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு துறை அவரை அகதி என்று அங்கீகரித்திருந்தது, இன்னொரு துறை அவர் வருகையைத் தாய்லாந்துக்குச் சொல்லியிருந்தது. நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்ட பிறகும் இரண்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். உலகம் முழுக்கக் கால்பந்து வீரர்கள் சத்தம் போட்டதால்தான் 2019 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

பயணத்துக்கு முன்பு வழக்கறிஞரிடம் தேதியும் வழியும் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய எண் போனில் மட்டும் இல்லாமல் ஒரு காகிதத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் "வந்துவிட்டேன்" என்று யாருக்குச் சொல்வது, சொல்லாவிட்டால் எத்தனை மணி நேரத்தில் அவர் யாரைக் கூப்பிடுவது என்று பேசி வையுங்கள். பிடிபட்டால் முதல் வேலை உள்ளூர் வழக்கறிஞர், அடுத்து ஐ.நா. அகதிகள் ஆணையம், புகலிடம் கொடுத்த நாட்டின் வெளியுறவுத் துறை. "விருப்பத்தோடு திரும்புகிறேன்" என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது என்பதை அவர் மனதில் பதியுமாறு சொல்லி அனுப்புங்கள்.

போன்

பெகாசஸ் போன்ற மென்பொருள் எந்த லிங்க்கையும் தொடாமலே உள்ளே வந்துவிடும். ரீகாவிலிருந்து இயங்கும் ரஷ்ய இதழ் மெடுசாவின் வெளியீட்டாளர் கலீனா திம்சென்கோவின் ஐபோனில் 2023 பிப்ரவரியில், அவர் ஜெர்மனியில் இருந்தபோது, அது நுழைந்தது. ஆப்பிள் நிறுவனம் அனுப்பிய எச்சரிக்கைக்குப் பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. ஆக, அப்படி எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். பதற்றத்தில் போனை அழித்து ரீசெட் செய்யவும் வேண்டாம், தடயம் போய்விடும். வேறொரு கருவியிலிருந்து ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் பாதுகாப்பு உதவி மையத்தை அணுகுங்கள். இரவு பகல் இயங்குகிறது, பணம் கேட்பதில்லை. சிட்டிசன் லேப், ஆம்னெஸ்டியின் பாதுகாப்பு ஆய்வகம் ஆகியவையும் போனைச் சோதித்துச் சொல்லும். ஐபோன் வைத்திருப்பவர் அதிலுள்ள 'லாக்டவுன் மோட்' என்ற கடும் பாதுகாப்பு வசதியைப் போட்டுக்கொள்ளட்டும். சில வசதிகள் குறையும், பழகிவிடும்.

உண்மையில் பெரும்பாலான தாக்குதல்கள் இவ்வளவு விலையுயர்ந்தவை அல்ல. கருத்தரங்கு அழைப்பு, நேர்காணல் வேண்டுகோள், பழைய நண்பர் பெயரில் ஒரு ஆவணம். ஈரானோடு தொடர்புடைய குழுக்கள் பத்திரிகையாளர் வேடத்திலேயே பல நாள் நட்பாகப் பேசி, கடைசியில் ஒரு லிங்க் அனுப்புவார்கள். அழைப்பு வந்தால் அந்த அமைப்பின் எண்ணை வேறு வழியில் தேடி நேரே பேசிச் சரிபாருங்கள். கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் குறியீட்டை விடப் பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு கருவி எவ்வளவோ மேல். போலிப் பக்கத்தில் அது வேலை செய்யாது. பரிசு தர நினைத்தால் இதை வாங்கிக் கொடுங்கள்.

பலர் மறந்துவிடுவது சொந்த நாட்டு சிம். டெலிகிராம், வாட்ஸ்அப், மின்னஞ்சல் மீட்பு எல்லாம் இன்னும் பழைய எண்ணிலேயே இருக்கும். அந்த எண் அரசின் கைக்கு எட்டும் நிறுவனத்தில் இருக்கிறது, கணக்கில் நுழையும் குறியீடும் அந்த எண்ணுக்கே எஸ்எம்எஸ்ஸில் போகும். 2016 ஏப்ரலில் ரஷ்யாவில் இரண்டு எதிர்க்கட்சிச் செயற்பாட்டாளர்களின் டெலிகிராம் கணக்குகளுக்குள் இப்படித்தான் நுழைந்தார்கள். அந்த இரவில் அவர்களுடைய எஸ்எம்எஸ் சேவை அணைக்கப்பட்டிருந்தது. முதல் வாரத்திலேயே எல்லாக் கணக்குகளையும் புது எண்ணுக்கு மாற்றி, கூடுதல் கடவுச்சொல்லும் போட வேண்டும். சிக்னல் என்ற செய்திச் செயலியில் எண்ணை மறைத்துப் பயனர்பெயரால் பேசும் வசதி 2024 முதல் இருக்கிறது. தானாக அழியும் செய்திகளையும் போட்டு வையுங்கள்.

ஊரில் இருப்பவர்கள்

இங்கேதான் உதவியாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சரியான விடை என்று ஒன்று கிடையாது.

ரேடியோ ஃப்ரீ ஏஷியாவின் உய்குர் பிரிவில் வேலை பார்த்த குல்செஹ்ரா ஹோஜாவின் உறவினர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களை 2018 தொடக்கத்தில் சீனா பிடித்து வைத்தது. ஈரானிலிருந்து வெளியேறி நியூயார்க்கில் வாழும் பத்திரிகையாளர் மசி அலினெஜாதின் சகோதரருக்கு 2020-இல் எட்டாண்டு சிறை. பிபிசி பாரசீகப் பிரிவில் வேலை செய்த, செய்கிற 152 பேரின் சொத்துப் பரிமாற்றங்களை ஈரான் 2017-இல் முடக்கியது. ஹாங்காங் போலீஸ் 2023 ஜூலையில் வெளிநாட்டில் இருக்கும் எட்டு ஜனநாயகச் செயற்பாட்டாளர்களின் தலைக்குத் தலா பத்து லட்சம் ஹாங்காங் டாலர் அறிவித்துவிட்டு, அவர்கள் குடும்பத்தினரை ஒருவர் பின் ஒருவராக விசாரணைக்கு அழைத்தது.

குடும்பத்தோடு பேசுவதா, நிறுத்துவதா, எவ்வளவு சொல்வது என்பதை அவரும் குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் உதவக்கூடியது முடிவை ஒழுங்காக எடுக்க வைப்பதில். அவர் எங்கே வசிக்கிறார் என்பது குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பது அவர்களுக்கே நல்லது, விசாரணையில் பொய் சொல்ல வேண்டியிருக்காது. பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது பேசுகிறோம் என்பதைக் காட்ட ஒரு சாதாரண வார்த்தையைப் பேசி வைக்கலாம். "அவனுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று தொலைக்காட்சியில் சொல்லும்படி குடும்பத்தை வற்புறுத்துவார்கள். அப்படி நேர்ந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள் என்று முன்பே அனுமதி கொடுத்து வைத்தவர்கள், அந்தக் காணொளியைப் பார்க்கும் நாளில் கொஞ்சம் குறைவாக உடைந்து போகிறார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கினார் என்பதையே வழக்காக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

உறவினர் கைதானால் அதைப் பகிரங்கப்படுத்துவதா என்ற கேள்வியில், நான் பார்த்தவரை வெளியாட்கள் அவசரப்படுகிறார்கள். முடிவு அவர்களுடையது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

மிரட்டல் வந்தால்

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தது. இணைய மிரட்டல் என்றால் முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். வண்டி என்றால் எண். மூலச் செய்தியை அழிக்காதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் தவறான அழைப்பு, தெருவில் நின்ற கார், உடைந்த தபால் பெட்டி. தேதியோடு வரிசையாக வைத்தால்தான் போலீஸுக்கு ஒரு வடிவம் தெரியும்.

உள்ளூர் காவல் நிலையத்தில் இதைப் பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்களுக்குள் சண்டை என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒரு பக்கத்துக்குள் சுருக்கம் எழுதி எடுத்துப் போங்கள்: இவர் யார், எந்த அரசு, ஏன், இதுவரை நடந்தவை. வெளிநாட்டு அரசின் தலையீட்டைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. இதற்கென்றே புகார் வாங்குகிறது. 2025 ஜூனில் ஜி-7 தலைவர்கள் எல்லை தாண்டிய ஒடுக்குமுறையைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அந்த நாடுகளில் அதிகாரியோ நாடாளுமன்ற உறுப்பினரோ தட்டிக் கழித்தால் அதை எடுத்துக் காட்டலாம். கூடப் போய் உட்காருங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் புகாரின் எடை கூடுகிறது, நியாயமில்லாவிட்டாலும் அதுதான் நடப்பு.

மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கும் முன் அலினெஜாதை நினைத்துப் பாருங்கள். அவரைக் கடத்தும் திட்டம் 2021-இல் அம்பலமானது. 2022 ஜூலையில் அவர் வீட்டருகே துப்பாக்கியோடு ஒருவன் பிடிபட்டான். லண்டனில் ஈரான் இன்டர்நேஷனல் என்ற பாரசீகத் தொலைக்காட்சியின் தொகுப்பாளர் பூரியா ஜெராட்டி 2024 மார்ச்சில் தன் வீட்டு வாசலருகே கத்தியால் குத்தப்பட்டார்.

வீட்டு முகவரியை எங்கும் கொடுக்காமல் வழக்கறிஞர் அல்லது ஓர் அமைப்பின் முகவரியைத் தபாலுக்குப் பயன்படுத்துவது, வாக்காளர் பட்டியல் போன்ற பொதுப் பதிவேடுகளில் பெயரை மறைக்க வழி இருந்தால் அதைச் செய்வது, யார் அனுப்பியது என்று தெரியாத பொட்டலத்தைப் பிரிக்காமல் வைப்பது ஆகியவை சின்ன வேலைகள்தான். உடனே செய்துவிடலாம்.

இணைய வசையைப் பற்றி ஒன்றே ஒன்று. பெண்களுக்கு இது பாலியல் மிரட்டலாகவும் போலிப் படங்களாகவும் வரும். அவற்றை அவரே படித்துப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவர் அந்த வேலையைக் கையில் எடுத்து, உண்மையான ஆபத்து தெரிந்தால் மட்டும் அவருக்குச் சொல்லட்டும்.

வாடகையும் வேலையும்

அவசர உதவித்தொகைக்குப் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு, டப்ளினில் உள்ள ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் ஆகியவற்றை அணுகலாம். சுதந்திரப் பத்திரிகையாளர்களுக்கு லண்டனின் ரோரி பெக் அறக்கட்டளை. எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நார்வேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஐகார்ன், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் தங்க ஒரு நகரத்தைத் தேடித் தருகிறது. மூச்சு விட மட்டும் கொஞ்ச காலம் வேண்டுமென்றால் நெதர்லாந்தில் தொடங்கிய ஷெல்டர் சிட்டி, சுமார் மூன்று மாதம். கல்வியாளர் என்றால் ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க். புலம்பெயர்ந்த செய்தி நிறுவனங்களுக்கென 2022-இல் பெர்லினில் ஜே.எக்ஸ். ஃபண்ட் உருவானது. வழக்குச் செலவுக்கு மீடியா டிஃபென்ஸ்.

ஒவ்வொரு அமைப்பும் அதே சோகக் கதையை மறுபடி கேட்கும். அவர் ஒரு முறை சொல்லட்டும், நீங்கள் எழுதி, அவர் ஒப்புதலோடு ஒவ்வொரு படிவத்துக்கும் ஏற்ப மாற்றுங்கள். உதவியாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள எழுத்து வேலை இதுதான். அமைப்புகள் சரிபார்க்க நேரம் எடுக்கும், அதைக் கோபித்துக்கொள்ள முடியாது. அரசே ஆள் அனுப்பிப் பார்ப்பதும் நடக்கிறது.

உதவித்தொகை சில மாதங்களில் தீரும். அதற்குப் பிறகு வேலைதான். பத்திரிகை நடத்துபவர் என்றால் அவரிடம் கட்டுரை கேட்டு வாங்கி, உள்ளூர் நிருபருக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, புகைப்படம் எடுத்து, பேருந்துச் செலவு கூடத் தராமல் அனுப்பும் கூட்டங்கள் எத்தனை! பயங்கரவாதப் பட்டியலிலோ தடைப்பட்டியலிலோ உள்ள நாட்டுப் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதால் வங்கிக் கணக்குத் திறக்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. வங்கிக்குப் போகும்போது அமைப்பின் கடிதத்தோடு கூடப் போங்கள்.

தூக்கமின்மை, குற்றவுணர்ச்சி, எதிலும் பிடிப்பில்லாமை வருவது இயல்பு. பத்திரிகையாளர்களின் மன அதிர்ச்சி பற்றி டார்ட் சென்டர் நிறைய எழுதி வைத்திருக்கிறது. மனநல ஆலோசகர் தன் மொழி பேசுபவராக இருப்பதை அவர் விரும்பாமல் போகலாம், தகவல் கசியும் என்ற பயத்தில். அதை மதியுங்கள்.

எப்போது சத்தம் போடுவது

ஹக்கீமுக்குச் சத்தம் உயிர் காத்தது. வேறொருவருக்குச் சத்தமே ஊரில் ஒரு கைதை உண்டாக்கலாம். பொதுவாக, இன்னும் சில மணி நேரத்தில் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற நிலையில் சத்தம் போடுவதே சரி. அங்கே இழக்க ஒன்றும் மிச்சமில்லை. பிடித்து வைத்த அரசு இன்னும் முடிவெடுக்காமல் தயங்குகிறது, அதன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு விட்டுவிட வழி தேடுகிறது என்றால், தூதர்களும் வழக்கறிஞர்களும் அமைதியாகப் பேச முதலில் இடம் கொடுங்கள்.

இதை அந்த நேரத்தில் யூகிக்க வேண்டியிராமல், அவரோடு உட்கார்ந்து "நான் கைதானால்" என்று ஒரு கடிதம் எழுதி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- என் சார்பில் யார் பேசலாம், யார் பேசக் கூடாது
- எத்தனை மணி நேரம் கழித்து ஊடகத்துக்குச் சொல்லலாம், எந்தப் படத்தைக் கொடுக்கலாம்
- குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லக் கூடாது
- எந்தக் கணக்குகளை உடனே முடக்க வேண்டும், அதை யார் செய்வார்
- பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்
- சிறையிலிருந்து நான் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தால் அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்

கடைசி வரி முக்கியம். மின்ஸ்கில் கைதான சில வாரங்களில் பிரதாசேவிச் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியதைப் பலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்திட்ட இந்தக் கடிதம் வழக்கறிஞரிடம் ஒன்று, நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அவர் வீடு மாறினாலோ, நாடு மாறினாலோ, ஊரில் யாராவது கைதானாலோ, இறந்தாலோ அன்றே திருத்துங்கள்.